கேஜன் கடலுணவுக் கம்போ: ரூ கிளறுவது முதல் நண்டு உறிஞ்சுவது வரை

லாஃபயெட்டில் நாங்கள் குடியேறிய வருடம், அக்டோபர் கடைசியில் ஒரு நாள் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. முந்தின நாள் வரை ஏசி ஓடிக்கொண்டிருந்த தெரு அது. மாலையில் நடக்கப் போனால் வீட்டுக்கு வீடு ஒரே வாசனை. எண்ணெயில் மாவு வறுபடுகிறது, அதன் பின்னாலேயே வெங்காயம். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்றுகொண்டு, "கம்போ வெதர்!" என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவின் தெற்கு லூசியானாவில் முதல் குளிர் விழுந்த அன்று, சோற்றோடு சாப்பிடும் குழம்பான கம்போ அடுப்பில் ஏறிவிடும்.

அந்தப் பாட்டியைப் பேரப்பிள்ளைகள் "மாமா" என்று கூப்பிடுவார்கள், தாத்தாவை "பாப்பா" என்று. கேஜன் எனப்படும் இந்த ஊர்ப் பிரெஞ்சு வம்சத்தார் வீடுகளில் பாட்டி தாத்தாவுக்கு அதுதான் அழைப்புப் பெயர். எழுபது வயது பாப்பா புல் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பழக எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. கீழே இருப்பது அந்த மாமா கற்றுக்கொடுத்த கம்போ. நான் கெடுத்ததும் பிறகு திருத்திக்கொண்டதும் இதில் சேர்ந்தே இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்போவில் இரண்டே இரண்டு இடத்தில்தான் கை தடுமாறும். ரூவை, அதாவது எண்ணெயில் வறுக்கும் மாவை, அவசரப்பட்டுக் கெடுப்போம், இறாலை நேரமாக்கிக் கெடுப்போம். மற்றதெல்லாம் குழம்பு வைக்கத் தெரிந்த யாருக்கும் தானாக வரும்.

எங்கிருந்து வந்தது

பிரெஞ்சில் இன்றும் வெண்டைக்காய்க்குக் "கொம்போ" என்றுதான் பெயர். வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல் ஒன்றின் திரிபு அது என்பதே பரவலான கருத்து. 1719 இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிய முதல் கப்பல்கள் லூசியானாவை அடைந்தன. வெண்டைக்காயைக் கொழகொழவென்று குழம்பாக்கிச் சோற்றோடு சாப்பிடும் கைப்பழக்கம் அந்த மக்களோடுதான் வந்தது. கொழுப்பில் மாவை வறுக்கும் ரூ பிரெஞ்சுக்காரர்களுடையது. சசஃப்ராஸ் மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்த ஃபீலே, அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாக்டா மக்களுடையது.

கேஜன்கள் இவர்களுக்கெல்லாம் பின்னால் வந்தவர்கள். 1755 இல் தொடங்கி, கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்த பிரெஞ்சு பேசும் அகேடியர்களை பிரிட்டிஷார் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் லூசியானாவுக்கு வந்து, பையூ என்று சொல்லப்படும் அசையாத நீரோடைகளின் கரையில் குடியமர்ந்தார்கள். "அகேடியன்" வாயில் உருண்டு தேய்ந்து "கேஜன்" ஆயிற்று. நண்டும் இறாலும் வீட்டு வாசலிலேயே கிடைத்தன. குடும்பம் பெரியது, பணம் குறைவு. கொஞ்சம் நண்டை வைத்துப் பத்துப் பேர் வயிற்றை நிரப்ப வேண்டும். கம்போ இளக்கமாக, சாறு நிறைய இருப்பதன் காரணம் இதுதான்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கலப்புப் பாணியான கிரியோல் கம்போவில் தக்காளி சேர்ப்பவர்கள் உண்டு. கேஜன் நாட்டில் தக்காளி போட்டதாகச் சொன்னால் முகம் சுருங்கும். 2016 இல் டிஸ்னி நிறுவனம் ரூவே இல்லாமல், கேல் கீரையும் கினோவா தானியமும் போட்டு ஓர் "ஆரோக்கியக் கம்போ" குறிப்பை இணையத்தில் விட்டது. லூசியானாக்காரர்கள் கிழித்த கிழியில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் நம்மூர்க் கை போகும் பக்கம் போகவிடாதீர்கள். தக்காளி வேண்டாம், புளி வேண்டாம், மஞ்சள் வேண்டாம், கொத்தமல்லி வேண்டவே வேண்டாம். நண்டு என்றதும் சோம்பும் பட்டையும் எடுக்கப் போகும் கையைக் கட்டிப்போடுங்கள். இந்தக் குழம்புக்கு மசாலா, வறுத்த மாவுதான்.

என்னென்ன வேண்டும்

8 பேருக்கான அளவு இது. ரூவுக்கு ரீஃபைண்ட் எண்ணெய் 1 கப், மைதா 1 கப். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் கூடாது, வாசனை மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். வெண்ணெயும் வேண்டாம், நாம் போகப்போகும் நிறத்துக்கு முன்பே கருகிவிடும்.

பெரிய வெங்காயம் 3, பச்சைக் குடைமிளகாய் 1 பெரியது, செலரித் தண்டு 4. இந்த மூன்றையும் சேர்த்து லூசியானாவில் "புனித மும்மை" என்பார்கள். கத்தோலிக்க ஊர், சமையலுக்கும் திருச்சபை மொழிதான். எல்லாவற்றையும் பொடியாக நறுக்குங்கள். பூண்டு 6 பல். வெண்டைக்காய் அரை கிலோ. பே லீஃப் 3, உலர்ந்த தைம் 1 தேக்கரண்டி, கெயென் மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி. நம் பிரியாணி இலை வேறு மரம், அதில் பட்டை வாசம் அடிக்கும். பே லீஃப் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இதைப் போடாதீர்கள். கடைசியில் தூவ வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் ஒவ்வொரு கைப்பிடி.

கடலுணவு: தலையோடு இறால் ஒன்றரைக் கிலோ, நண்டு 6, ஓட்டிலிருந்து எடுத்த ஆய்ஸ்டர் சிப்பி அரை லிட்டர், அதன் நீரோடு. இறாலுக்குத் தலை இருந்தே ஆக வேண்டும். தலை இல்லாவிட்டால் சாறு இல்லை. லாஃபயெட்டுக்குத் தெற்கே டெல்காம்பரில் படகுத்துறைக்கே போய் மீனவரிடம் வாங்கலாம். அமெரிக்கா இறக்குமதி செய்யும் இறாலில் முதலிடம் இந்தியாவுக்கு, அதிலும் ஆந்திரப் பண்ணைகள்தான் அதிகம். விலை சரிந்து தொழில் நசிகிறதென்று லூசியானா மீனவர்களுக்கு அதில் பெரும் மனக்குறை. நான் எந்த ஊர் என்று துறையில் யாராவது கேட்டால் "சென்னை" என்று கொஞ்சம் தணிந்த குரலில்தான் சொல்வேன்.

ஊரில் சமைப்பவர்களுக்கு: அங்கே போடுவது நீல நண்டு. நம் கடற்கரையில் கிடைக்கும் நீலக்கால் நண்டு வேறு இனம்தான் என்றாலும் சுவையில் குறை வைக்காது. ஆய்ஸ்டர் கிடைக்காவிட்டால் நண்டைக் கூட்டுங்கள்.

சாறு

இறாலின் தலையையும் ஓட்டையும் தனியே எடுத்து வையுங்கள். முதுகு நரம்பைக் கீறி எடுத்துவிட்டு இறாலை ஐஸ் மேலோ ஃப்ரிட்ஜிலோ வைத்துவிட வேண்டும். இனி மூன்று மணி நேரத்துக்கு அதை மறந்துவிடுங்கள்.

நண்டின் மேலோட்டைக் கழற்றி, பக்கவாட்டில் பஞ்சு போலிருக்கும் செவுளைப் பிய்த்து எறிந்து, உடலை இரண்டாக உடையுங்கள். கொடுக்குகளை லேசாகத் தட்டிப் பிளந்தால் போதும். மேலோட்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பைச் சுரண்டி வைத்துக்கொள்ளுங்கள். மாமா அதை ஒரு கிண்ணத்தில் ஒளித்து வைத்து, கடைசியில் யாருக்கும் தெரியாமல் பானைக்குள் போடுவார்.

ஒரு பாத்திரத்தில் சிறிது எண்ணெய் விட்டு இறால் தலைகளைச் சிவக்கும்வரை வதக்குங்கள். கரண்டியால் தலைகளை நசுக்கி விடுங்கள், ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் பிரியும். செலரித் துண்டு, வெங்காயத் தோல் போட்டு மூன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி 40 நிமிடம் சிறு தீயில் விட்டு வடிகட்டினால் சுமார் 3 லிட்டர் சாறு தேறும். அதற்கு மேல் கொதித்தால் ஓட்டின் கசப்பு இறங்கும்.

வெண்டைக்காய்

இதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மெல்லிய வில்லைகளாக நறுக்கி, அகலமான சட்டியில் எண்ணெய் விட்டு, இழை அறும்வரை வதக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும். இடையில் ஒரு தேக்கரண்டி வினிகர் விடுவது அங்கத்திய வழக்கம், நம்மூரில் மோர் தெளிக்கிற மாதிரி. ஒரே வித்தியாசம், நாம் மொறுமொறுப்பில் நிறுத்துவோம், அவர்கள் குழைய விடுவார்கள். இரும்புச் சட்டி வேண்டாம், காய் கருத்துவிடும்.

ரூ

லூசியானாவில் பாதிச் சமையல் குறிப்புகள் "முதலில் ஒரு ரூ செய்துகொள்" என்றுதான் தொடங்கும். நான் சாறும் காயும் முடிந்தபின் இதற்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கிளற ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. ஆகவே எல்லாவற்றையும் நறுக்கி, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். போனை வேறு அறையில் போடுங்கள். கழிவறைக்குப் போய்வந்துவிடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அடி கனமான பானை வேண்டும். முனை தட்டையான மரக்கரண்டி வேண்டும், அப்போதுதான் அடியும் மூலையும் சுரண்டப்படும். எண்ணெயை மிதமான தீயில் சூடாக்கி மைதாவைத் தூவிக் கட்டியில்லாமல் கலந்து, கிளறத் தொடங்குங்கள். கை ஓயக்கூடாது, ஆனால் வேகமும் வேண்டாம், தெறிக்கும். தெறித்தால் தோலில் பசை போல் ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். ஓபலூசஸில் பிறந்த புகழ்பெற்ற சமையற்கலைஞர் பால் ப்ருதோம் இதற்கு "கேஜன் நேபாம்" என்றே பெயர் வைத்திருந்தார், நேபாம் என்பது ஒட்டிக்கொண்டு எரியும் போர்க்குண்டுப் பசை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை வெளியே அனுப்புங்கள்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பச்சை மாவு வாசனை, சந்தன நிறம். பிறகு மெதுவாகப் பொன்னிறம், வறுத்த வேர்க்கடலை வாசனை. இருபது நிமிட வாக்கில் கடலைமிட்டாய் நிறம். இங்கே எல்லோருக்கும் ஓர் ஆசை வரும், போதுமே என்று. போதாது. அடுத்து புதுச் செப்புக்காசின் சிவப்பு. அந்தக் கட்டத்தில் ரூ திடீரென்று இளகும், கரண்டி எளிதாக ஓடும். மாவின் ஸ்டார்ச் உடைந்து கெட்டிப்படுத்தும் சக்தியை இழந்துகொண்டே வருவதால் வரும் இளக்கம் அது. நிறம் ஏற ஏறச் சுவை கூடும், கெட்டித்தன்மை குறையும். கருநிற ரூவில் வைத்த கம்போ இளக்கமாகவே இருக்கும், பயந்துபோய் மாவு சேர்க்காதீர்கள்.

கோழியும் சாசேஜும் போடும் கம்போவுக்குக் காபிக்கொட்டை நிறம்வரை போவார்கள். கடலுணவுக்கு அவ்வளவு வேண்டாம், நண்டின் இனிப்பை அமுக்கிவிடும். பழைய செப்புக்காசுக்கும் பால் சாக்லேட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். 35 முதல் 45 நிமிடம் ஆகும், ஆனால் கடிகாரத்தை நம்பாமல் மூக்கை நம்புங்கள். கடலை வாசனை போய்க் காபி வாசனையின் முதல் இழை எழும் நொடிதான் கணக்கு.

கரும்புள்ளி தெரிந்தால் கொட்டிவிடுங்கள். நான் முதல் தடவை செய்தபோது கடுகளவு புள்ளி நாலைந்து மிதந்தது. மனசு வரவில்லை. தாளிப்புக் கருகினாலே மேலாக எடுத்துவிட்டு ஒப்பேற்றுகிற பரம்பரை நாம். வடிகட்டினேன், சமைத்து முடித்தேன், ஒன்றரைக் கிலோ இறாலும் ஆறு நண்டும் சாம்பல் வாசத்தில் போயின. ஒரு கப் மைதாவை மிச்சம் பிடிக்கப் போய் அவ்வளவையும் இழந்தேன். மாமா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டி, "பிஸ்ஸா வரவழைக்கலாமா, செல்லம்?" என்றார்.

நேரமில்லாதவர்களுக்கு லூசியானாக் கடைகளில் புட்டியில் அடைத்த ரூ கிடைக்கிறது. கேஜன் பாட்டிகளே வாங்குகிறார்கள், வெளியே சொல்வதில்லை. ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் வைத்து, அவ்வப்போது கிளறி, ஒன்றரை மணி நேரத்தில் எடுப்பதும் உண்டு. நன்றாகவே வருகிறது. கற்றுக்கொள்வதற்கு மட்டும் ஒரு தடவையாவது அடுப்பில் நின்று செய்து பாருங்கள்.

சேர்ப்பதும் கொதிப்பதும்

நிறம் வந்த நொடியில் வெங்காயம் முழுவதையும் கொட்டுங்கள். புஸ்ஸென்று ஆவி எழும். வெங்காயத்தின் ஈரம் ரூவின் சூட்டைத் தணித்து, மேலும் கருகாமல் பிடித்து நிறுத்தும். அதனால்தான் நறுக்கி அருகில் வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் கழித்துக் குடைமிளகாய், செலரி. அவை சுருண்டதும் பூண்டு. இந்தக் கணத்தில் வரும் வாசனைக்காகவே சிலர் கம்போ வைக்கிறார்கள் என்று சந்தேகம் எனக்கு.

வெதுவெதுப்பான சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். முதலில் பசைபோல் இறுகும், பிறகு இளகும். முழுவதும் ஊற்றியபின் எண்ணெய் பிரிந்து திரித்திரியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஒரு கொதி வந்ததும் சேர்ந்துவிடும். வதக்கிய வெண்டைக்காய், பே லீஃப், தைம், மிளகு, கெயென் எல்லாம் இப்போது. உப்பு பாதி மட்டும். சிப்பி நீரில் உப்பு இருக்கிறது.

தீயைக் குறைத்து, மூடாமல் ஒரு மணி நேரம். மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டே இருங்கள். நம்மூரில் எண்ணெய் மிதந்தால்தான் குழம்பு பக்குவம், இங்கே அது சோம்பேறித்தனத்தின் அடையாளம். நாக்கில் வைத்தால் மாவு தட்டுப்படக்கூடாது, அதுவரை கொதிக்கட்டும்.

பிறகு நண்டு. அரை மணி நேரம் அதற்கு, ஓட்டின் சுவை முழுதும் இறங்க வேண்டும்.

இனிதான் நிதானமெல்லாம் போய் வேகம் வருகிறது. சாப்பிடுகிறவர்கள் மேசைக்கு வந்து, சோறு வெந்து இறங்கியபின் இறாலைப் போடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டக்கூடாது. இறால் வளைந்து அரைவட்டமானால் பதம், முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். மூன்றாவது நிமிடத்தில் சிப்பிகள் நீரோடு சேரட்டும். ஓரம் சுருக்கு வைத்த பாவாடை மாதிரி மடிந்ததும் அடுப்பை அணையுங்கள். நண்டுக் கொழுப்பு, வெங்காயத்தாள், பார்ஸ்லி போட்டு, உப்பு பார்த்து, உடனே பரிமாறலாம்.

சாப்பிடும் விதம்

ஆழமான கிண்ணத்தில் ஒரு கரண்டி சோறு, அது பாதி மூழ்க இரண்டு மூன்று கரண்டி கம்போ. நாம் வழக்கமாகப் பிசைவது போலச் சோற்றை மலையாகக் குவிக்காதீர்கள், சாறு காணாமல் போய்விடும். லாஃபயெட்டிலிருந்து மேற்கே போனால் க்ரௌலி வரை நெல் வயல்தான், பொன்னிக்கு அவ்வளவு தூரமில்லாத அரிசி. சாதாரணப் புழுங்கல் அல்லது பச்சரிசி போதும், பாஸ்மதி வேண்டாம், அதன் வாசம் குறுக்கே நிற்கும்.

ஃபீலே கிடைத்தால் கிண்ணத்தில் தூவிக்கொள்ளுங்கள், கால் தேக்கரண்டி. பானையில் போட்டுக் கொதிக்கவிட்டால் நூல் நூலாக இழுக்கும். வெண்டைக்காய் போட்ட கம்போவுக்கு ஃபீலே தேவையே இல்லை என்பார் மாமா. பாப்பா அவர் திரும்பும் நேரம் பார்த்துத் தூவிக்கொள்வார். மேசையில் மிளகாய் சாஸ் புட்டி ஒன்று கட்டாயம். டபாஸ்கோ 1868 இல் பிறந்த ஏவரி தீவு லாஃபயெட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான்.

பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட் வரும். அதைத் தொட்டுக்கொள்வதா என்று நான் தயங்கியபோது, பாப்பா ஒரு கரண்டி அள்ளி நேராக என் கம்போவுக்குள்ளேயே போட்டார். சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நடுவில் மயோனைஸ் கரைந்து இறங்குகிறது. பார்க்க அலங்கோலம், ருசியில் எனக்கு மறுபேச்சு இல்லை.

நண்டைக் கையால்தான். அமெரிக்க விருந்தாளிகள் ஸ்பூனும் கையுமாகத் தவித்துக்கொண்டிருக்க, காலை ஒடித்து உறிஞ்சி, சதையை ஓட்டோடு பிரித்து அடுக்கும் என் மகளைப் பார்த்து மாமா சொன்னது: "இவள் இந்த ஊர்ப் பெண்."

கத்தோலிக்கர்கள் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடுவதில்லை, கடலுணவுக்குத் தடையில்லை என்பதால் குளிர்காலம் முடியும் நேரத்தில் இந்தக் கம்போவுக்கு இன்னொரு சுற்று வரும்.

மறுநாளைக்கு

கம்போ மறுநாள் கூடுதல் ருசி என்பார்கள், மீன்குழம்பு மாதிரி. உண்மை, ஆனால் இறால் போடாத கம்போவுக்கு. விருந்து என்றால் முதல் நாளே ஒரு மணி நேரக் கொதிப்புவரை முடித்து வைத்துக்கொண்டு, நண்டும் இறாலும் சிப்பியும் அன்றைக்குப் போடுங்கள். சூடான பெரிய பானையை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், புளித்துப் போகும். அகலமான பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். சிப்பி போட்டதை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் இறாலெல்லாம் பொறுக்கித் தின்று, அடியில் இரண்டு கிண்ணம் சாறு மட்டும் மிஞ்சும். அதைச் சூடாக்கி, கொதி வந்ததும் ஆளுக்கொரு முட்டையை உடைத்து உள்ளே விட்டு, மூடி, நாலு நிமிடம். வெள்ளை இறுகி, மஞ்சள் சற்றே தளதளவென்று இருக்கும்போது சோற்றின் மேல் எடுத்து வையுங்கள்.